ஆமென் சொல்ல மறுத்தவர்

எங்கள் சபையில், நோயிலிருந்து பிழைத்து வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும். பாஸ்டர் என்னையும் கூப்பிட்டார். நானும் போய் நின்று, ஆண்டவர் என்னை எழுப்பினார் என்று நாலு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆனால் நடந்ததில் முக்கியமான ஒன்றை அங்கே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். இதே நோய் வேறு யார் வீட்டுக்காவது வந்தால் அவர்களுக்கு இது உதவட்டும்.

என் பெயர் எஸ்தர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினேழு வருடமாக வேலை. தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தைப் புரட்டிப் பார்த்து, தையல் பிசகியிருந்தால் திருப்பி அனுப்புவது என் வேலை. செக்கிங் டேபிளில் நின்று நான் ஒரு சத்தம் போட்டால், நாற்பது மெஷின் தாண்டிக் கடைசியில் உட்கார்ந்திருக்கிறவள் நிமிர்ந்து பார்ப்பாள். சூப்பர்வைசரே, "எஸ்தர் இருக்கச்சொல்ல மைக் எதுக்கு" என்பார். அந்தக் குரல் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மறைக்க ஒன்றுமில்லை.

ஜெபமும் அதே குரலில்தான். காலை ஐந்து மணிக்குச் சமையலறை வாசலில் நின்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கூப்பிடுவேன். கூப்பிடுவது என்றால் கூப்பிடுவதுதான். முணுமுணுப்பதெல்லாம் எனக்கு ஆகாது. பக்கத்து வீட்டு ஷமீம் ஆபா இதற்காக என்றைக்கும் சண்டைக்கு வந்ததில்லை. அவர்கள் வீட்டில் உருது பேசுவார்கள், அக்காவை ஆபா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். "பாங்கு கேட்டும் புரண்டு படுக்கிற எங்க வீட்டுக்காரர், உன் சத்தம் கேட்டா எழுந்துக்கிறாரு. நடத்து" என்று சிரிப்பார்.

என் வீட்டுக்காரர் தேவராஜ் இதற்கு நேர் எதிர். இருபத்தாறு வருடம் டேனரியில் டிரம் ஓட்டினார். தோலைச் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் போட்டு உருட்டுகிற மர டிரம்கள், ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு இருக்கும். பத்துப் பன்னிரண்டு டிரம் சேர்ந்து சுற்றும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாருமே உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அதோடு காதும் மெல்ல மெல்லப் போய்விடும். இவருக்கு இடது காது சுத்தமாக இல்லை. வலதில் பஸ் ஹாரன் கேட்கும், அவ்வளவுதான். காதில் மாட்டுகிற மெஷின் வாங்கிக் கொடுத்தோம். காதுக்குள் வண்டு கத்துகிறது என்று கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார்.

நான் ஜெபிக்கும்போது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். வாய் திறந்து ஒரு வார்த்தை ஜெபித்ததில்லை. நான் முடித்ததும் தெருவுக்கே கேட்கிற மாதிரி "ஆமென்!" என்பார். காது கேட்காதவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது அல்லவா. பாதித் தூக்கத்தில் உத்தேசமாகச் சொல்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன். ஒரு தடவை எரிச்சலில் கேட்டுவிட்டேன். "உங்களுக்குன்னு ஆண்டவர்கிட்ட கேக்க ஒண்ணுமே இல்லையா?"

"நீதான் எல்லாத்தையும் கேட்டுடுறியே. மிச்சம் இன்னா இருக்கு?" என்றார்.

போன வருடம் மழைக்காலம் முடிகிற நேரம், எனக்கு நாலு நாள் வயிற்றுப்போக்கு. மாத்திரையில் நின்றது. அதற்கப்புறம் பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை, டேபிளில் நிற்கும்போது உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போலிருந்தது. மத்தியானம் விரல் நுனிகளும் அப்படியே. எங்கள் கம்பெனியில் கை கால் மரத்தால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: சொல்யூஷன் ஏறிடுச்சு. தோலை ஒட்டுகிற பசையைத்தான் சொல்யூஷன் என்கிறோம். அதன் நெடியில் தலை சுற்றும், விரல் மரக்கும். வெளியே போய்க் காற்றில் உட்கார்ந்து, கையைக் கழுவி, ஒரு சோடா குடித்துவிட்டு வந்தால் சரியாகிவிடும். நானும் அதையே செய்தேன். திங்கள் ஒரு சோடா. செவ்வாய் இரண்டு சோடா. பசை ஒட்டும் மேஜை என் இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எனக்கும் தோன்றவில்லை, சோடா வாங்கிக் கொடுத்தவளுக்கும் தோன்றவில்லை. இரண்டு நாள் அப்படியே போனது.

புதன்கிழமை காலை கம்பெனி மாடிப்படியில் மூன்றாவது படிக்குக் காலைத் தூக்கினேன். கால் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாலு பெண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆம்பூரில் பார்த்த டாக்டர் ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் என் முட்டிக்குக் கீழே தட்டினார். சாதாரணமாகக் கால் தானாக எகிற வேண்டும். என் கால் சும்மா தொங்கியது. இன்னொரு தடவை தட்டினார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "வீட்டுக்குப் போவாதீங்க. இப்பவே வேலூருக்குப் போங்க" என்றார்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "நல்லா மூச்சை இழுத்து, விடாம ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்கம்மா. எதுவரைக்கும் போவுதுன்னு பாப்போம்" என்றார். காலுக்கு வந்தவளை எண்ணச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். இருபத்தொன்றில் மூச்சு தீர்ந்தது. ஒரே மூச்சில் ஒரு சங்கீதம் முழுதும் சொல்கிறவள் நான். அப்போதுதான் முதல் தடவையாகப் பயம் வந்தது.

அடுத்து முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தார்கள். வளைந்து படுக்க வைத்து எடுப்பார்கள். வலியைவிட, அசையக் கூடாது என்பதுதான் கஷ்டம். நரம்பில் சின்னச் சின்ன மின்சாரம் கொடுத்து, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் சோதனையும் செய்தார்கள். சுருக் சுருக்கென்று வெட்டும். அதன்பிறகு பெரிய டாக்டர் வந்து பெயரைச் சொன்னார்: கிலான் பாரே. என் வீட்டுக்காரர் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னொரு தபா சொல்லுங்க சார்" என்றார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உடம்புக்குள் கிருமி வந்தால் அதை அடிக்கிற காவல்காரர்கள் உண்டு. என் வயிற்றுக்கு வந்த கிருமியை அடித்து முடித்த பிறகும் அவர்கள் நிற்கவில்லை. ஆள் தெரியாமல் என் நரம்புகளையே அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வயருக்கு மேலே ரப்பர் உறை இருப்பது போல நரம்புக்கும் உறை உண்டு. அந்த உறை உரிந்துபோனதால் மூளையின் உத்தரவு கைகால்களுக்குப் போய்ச் சேரவில்லை. காலில் ஆரம்பித்து மேலே ஏறும். மூச்சு விடுகிற தசைவரை ஏறினால் மெஷின் வைக்க வேண்டும். உறை திரும்ப வளரும், ஆனால் மெதுவாக. "பெரும்பாலும் குணமாயிடும்மா. ஆனா நாள் ஆகும். நீங்க பொறுமையா இருக்கணும்" என்றார். பொறுமை எனக்குப் பழக்கமில்லாத விஷயம் என்று அவருக்குத் தெரியாது.

மருந்து ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏறியது. விலையைக் கேட்டு எங்கள் மகள் ரூத்தின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பெங்களூரில் வேலை பார்க்கிறவள், ரயிலில் காட்பாடி வந்து இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். ஈ.எஸ்.ஐ. தாள்களைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைந்து அவளே அதைச் சரிபண்ணினாள். அந்தக் கணக்கு என்னிடம் வரவே இல்லை.

சேர்ந்த அன்று சாயங்காலம் திரும்ப எண்ணியபோது பதினான்கு. மறுநாள் காலை ஒன்பது. டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப வாய் வழியா குழாய் வெச்சு மெஷின்ல போடப் போறோம். குழாய் இருக்கிற வரைக்கும் பேச முடியாது. யார்கிட்டயாவது ஏதாவது சொல்லணும்னா இப்ப சொல்லிடுங்க" என்றார். ரூத் அழுதாள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி ஆண்டவரைக் கூப்பிட்டேன். என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அடுத்த பன்னிரண்டு நாள் பற்றி அதிகம் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். நினைவு இருந்தது, அதுதான் கொடுமை. கை, கால், கழுத்து எதுவும் அசையாது. தொட்டால் தெரியும், கொசு உட்கார்ந்தாலும் தெரியும், ஓட்ட முடியாது. தொண்டைச் சளியைக் குழாய் விட்டு உறிஞ்சுவார்கள். ஒவ்வொரு தடவையும் தண்ணீருக்குள் அழுத்துகிற மாதிரி இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நர்சுகள் வந்து என்னைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போவார்கள். பதினேழு வருடம் ஷூவைப் புரட்டிப் பார்த்தவளை இப்போது இவர்கள் புரட்டுகிறார்களே என்று எனக்குள்ளேயே ஒரு தரம் சிரித்தும் இருக்கிறேன். கண்ணை ஒரு தரம் மூடினால் ஆமாம், இரண்டு தரம் மூடினால் இல்லை. பேச்சு அவ்வளவுதான்.

ஜெபம்தான் வரவில்லை. சத்தமில்லாமல் எனக்கு ஜெபிக்கத் தெரியாது. மனதுக்குள் "ஆண்டவரே" என்று ஆரம்பிப்பேன். அது நினைப்பா ஜெபமா என்று சந்தேகம் வந்துவிடும். மெஷின் சத்தத்துக்கு நடுவில் இது அவருக்கு எப்படிக் கேட்கும் என்று தோன்றும். சபையில் மெதுவாக ஜெபிக்கிற பெண்களைப் பார்த்து, "பசிக்கிற குழந்தை இப்படியா அழும்?" என்று நான் கேலி செய்தது உண்டு. அந்தப் பேச்சு ஒவ்வொன்றும் திரும்பி வந்து என் மேலேயே விழுந்தது.

வெளியே நடந்ததை ரூத் பிற்பாடு சொன்னாள். ஐ.சி.யூ.வுக்கு வெளியே காத்திருக்கும் கூடத்தில், நோயாளியின் பெயரை மைக்கில் கூப்பிடுவார்கள். மருந்து வாங்க, கையெழுத்துப் போட, டாக்டரோடு பேச எல்லாவற்றுக்கும் அந்த மைக்தான். அவள் அப்பாவுக்கு மைக் கேட்காது. அதனால் அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. மைக் வைத்திருந்த ஜன்னலுக்கு எதிரே, பகல் முழுவதும் நின்றபடி அந்த ஊழியரின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அந்த ஊழியரே புரிந்துகொண்டு, எஸ்தர் என்று வந்தால் கையைத் தூக்கிக் காட்டத் தொடங்கினாராம். அதற்குப் பிறகும் இவர் உட்காரவில்லை. ஷமீம் ஆபா ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து, தூக்கில் கஞ்சி கொண்டுவந்து, நின்றபடியே அவரைக் குடிக்க வைத்துவிட்டுத் தஸ்பீ மணியை உருட்டிக்கொண்டு சாயங்காலம்வரை அங்கேயே இருந்துவிட்டுப் போவாராம்.

பதின்மூன்றாம் நாள் கழுத்தில் சின்னதாக ஒரு துளை போட்டு, வாயில் இருந்த குழாயை அங்கே மாற்றினார்கள். டிரக்கியாஸ்டமி என்பார்கள். கேட்கப் பயமாக இருக்கும்; எனக்கு அது பெரிய விடுதலை. வாய் காலியானது. காற்று தொண்டை வழியாக வராததால் குரல் வராது, ஆனால் உதட்டை அசைக்கலாம். இந்த நோய் சிலருக்கு முகத்தையும் பிடிக்குமாம். என் முகம் தப்பித்தது.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், இவர் பச்சை அங்கி போட்டுக்கொண்டு வந்து நின்றார். நர்ஸ் எழுத்துப் பலகையைத் தூக்கிக் காட்டி, ஒவ்வொரு எழுத்தாகக் கண்ணால் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பலகையைப் பார்க்காமல் இவரைப் பார்த்து உதட்டை அசைத்தேன்.

"நேத்துதான் மாத்துனேன்!" என்று அவர் கத்தினார். வார்டே திரும்பியது.

"என்ன மாத்துனீங்க?" என்றாள் நர்ஸ்.

"சட்டைய மாத்துங்கன்னு சொல்றா சிஸ்டர். இது துவைச்ச சட்டதான்."

அந்த நர்ஸ் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "டேனரில டிரம் ஓட்டுனவன் சிஸ்டர், உதட்டப் பாத்தே புரிஞ்சிக்குவேன்" என்றார். அன்றிலிருந்து எனக்கு என்ன வேண்டும் என்று தெரியாவிட்டால், "டிரம்காரரைக் கூப்பிடுங்க" என்பது அங்கே வழக்கமாகிவிட்டது. டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போதும் அவரை உள்ளே நிறுத்திக்கொள்வார்கள். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று நான் உதட்டால் சொல்ல, அவர் அங்கிருந்து கத்துவார். காதைக் கெடுத்த அந்த டேனரி வேலையை நான் சபித்ததற்குக் கணக்கே இல்லை. இப்போது அதுதான் எனக்கு வாயாகியிருந்தது.

இனி வருவதுதான் நான் சபையில் சொல்லாதது.

மருந்து ஏறி மூன்று வாரம் ஆகியும் ஒரு விரல்கூட அசையவில்லை. நடுவில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியது, நான் எழவில்லை. நரம்பு வளர மாதக்கணக்கில் ஆகலாம் என்று டாக்டர் மறுபடியும் சொன்னார். ரூத் லீவு தீர்ந்து, சம்பளமில்லாத லீவில் இருந்தாள். இவர் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. அன்றைக்கு மத்தியானம் ரூத் வந்து, நாலு வாரமாகச் சிக்குப் பிடித்துக் கிடந்த என் தலையை ஒரு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வாரிப் பின்னினாள். வலிக்கும்போதெல்லாம் "சாரிம்மா, சாரிம்மா" என்றாள். அந்த "சாரி"தான் என்னை உடைத்தது. இவளுக்குப் பாரமாக நான் இன்னும் எத்தனை நாள் இப்படிக் கிடக்கப் போகிறேன் என்று இருந்தது.

நாலு மணிக்கு இவர் வந்தார். நான் வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டேன். குரல் இல்லாவிட்டாலும், நோய் வந்ததிலிருந்து முதல் தடவையாக ஜெபம் தடையில்லாமல் வந்தது. வீட்டில் பேசுகிற மாதிரியே உதட்டை அசைத்துக் கேட்டேன்.

"ஆண்டவரே, போதும். என்னால முடியல. இந்த மனுஷனுக்கும் பேஜாரு, புள்ளைக்கும் பேஜாரு. என்னை எடுத்துக்கோ. இன்னிக்கே எடுத்துக்கோ."

உதட்டை மூடினேன். ஆமெனுக்காகக் காத்திருந்தேன். எங்கள் கல்யாணத்திலிருந்து அந்த ஆமென் ஒரு நாளும் தவறியதில்லை. அது வந்தால்தான் என் ஜெபம் முடிந்ததாக எனக்குத் தோன்றும்.

வரவில்லை.

கண்ணைத் திறந்தேன். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடியிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் அவர் தூங்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு நின்ற ஒவ்வொரு விடியற்காலையும், என் உதட்டைப் பார்த்து, கேட்டதெல்லாம் என்னவென்று தெரிந்துகொண்டுதான் ஆமென் சொல்லியிருக்கிறார்.

"ஆமென் சொல்லுங்க" என்று உதட்டை அசைத்தேன்.

"மாட்டேன்!"

நர்ஸ் ஓடி வந்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

"நீ இன்னா கேட்டன்னு பாத்தேன். அதுக்கு நான் ஆமென் சொல்ல மாட்டேன்."

"அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல. நீங்க யாரு?"

"நான் யாரா? இத்தினி வருஷமும் என் ஆமென வாங்கிகினுதான மேல அனுப்புன? அப்ப அதுல பாதி என்னுது. என்னைக் கேக்காம எப்படி எடுத்துக்கோன்னு சொல்லுவ?" குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேற இன்னாவாச்சும் கேளு. சின்னதா கேளு" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. சாகக்கூட இந்த ஆளிடம் அனுமதி வாங்க வேண்டுமா? ஒன்றுமே கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று எழுத ஆசை, கழுத்து திரும்பாது. கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன். நேரம் முடிந்து அவர் போனார். அவர் போன பிறகும் கோபம் போகவில்லை. அவருக்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். காய்ச்சல் வந்ததிலிருந்து, சாவைத் தவிர வேறு ஒன்றை நான் யோசித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் நாலு மணிக்கு வந்து அதே இடத்தில் நின்றார். "கேளு" என்றார்.

நான் கண்ணை மூடவில்லை. அவரை முறைத்துக்கொண்டே கேட்டேன். "ஆண்டவரே, என் வலது கை கட்டைவிரல் அசையணும்."

"ஆமென்!" என்றார். அடுத்த கட்டில்காரரின் மருமகளும் பயந்துபோய் ஆமென் என்றாள்.

விரல் அசைந்துவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அசையவில்லை. மறுநாளும் அதையே கேட்டேன், அவர் ஆமென் சொன்னார். அதற்கு மறுநாளும். பத்து நாள் ஒரே விரல், ஒரே ஆமென். "போன தபா கேட்டதுதான" என்று அவர் ஒரு நாளும் சலிக்கவில்லை. பிசியோதெரபி தம்பி காலையில் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரிக்கும்போது, நான் அந்த ஒரு விரலுக்கு மட்டும் மனதுக்குள் உத்தரவு போட்டுக்கொண்டே இருப்பேன். லைனில் சத்தம் போடுகிற மாதிரியே போட்டேன்: அசை, அசை, எவ தூங்குறது அங்க? அது ஜெபமா, வேலையா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இனிப் பிரிக்கவும் போவதில்லை.

பதினோராம் நாள் காலை, கட்டைவிரல் ஒரு அரிசி அளவு அசைந்தது. பிசியோதெரபி தம்பிதான் முதலில் பார்த்தான். கண்ணை இரண்டிரண்டு தரம் மூடி, நாலு மணிவரை அவனை யாரிடமும் சொல்லவிடவில்லை. இவர் வந்து "கேளு" என்றபோது, கண்ணால் கையைக் காட்டினேன். விரலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, அடுத்தது இன்னா?" என்றார்.

அடுத்தது மூச்சு. மெஷினைக் கழற்றி ஐந்து நிமிடம் நானே மூச்சு விட வேண்டும். அதற்கு ஒரு ஜெபம். மலையில் ஏறுவது போலிருக்கும், வியர்த்துக் கொட்டும். ஐந்து பதினைந்தானது, அரை மணியானது, ஒரு பகலானது. நடுவில் இரண்டு தடவை மூச்சுத் திணறித் திரும்ப மெஷினில் போட்டார்கள். அந்த இரண்டு நாளும் பழைய ஜெபம் நாக்கு நுனிவரை வந்தது. இந்த மனுஷன் ஆமென் சொல்லமாட்டார், கேட்டு என்ன பயன் என்று விழுங்கிவிட்டேன்.

ஐம்பத்தெட்டாம் நாள் என்று நினைக்கிறேன், நர்ஸ் குழாயில் இருந்த காற்றுப் பையைத் தளர்த்தி, கையுறை போட்ட விரலால் துளையை மூடி, "இப்ப பேசுங்கக்கா" என்றாள். ரூத் போனை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். பாஸ்டரும் வந்திருந்தார். முதல் வார்த்தை ஸ்தோத்திரம் என்று வரும் என அவர் எதிர்பார்த்தார் போலிருக்கிறது. எனக்கு வேறு ஒரு கடன் பாக்கி இருந்தது. மூச்சை இழுத்து எண்ணினேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." துருப்பிடித்த கதவைத் தள்ளுகிற மாதிரி ஒரு குரல். ஆறில் நின்றது. ரூத் ஓவென்று அழுதாள். பாஸ்டர் கண்ணைத் துடைத்தார்.

இவர் மட்டும் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நர்ஸிடம் மெதுவாகக் கேட்டார். அவரால் முடிந்த அளவுக்கு மெதுவாக.

"உதடு நல்லா ஆடுது. சத்தம் வந்துச்சா சிஸ்டர்?"

வந்தது என்று நர்ஸ் தலையாட்டினாள். "அப்ப சரி" என்றார்.

அதற்கப்புறம் கழுத்துக் குழாயை எடுத்தார்கள். துளை தானாகவே மூடிக்கொண்டது. ஒரு ரூபாய்க் காசளவு தழும்பு இருக்கிறது. வார்டில் ஒரு மாதம், இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நடை பழகினேன். இப்போது வீட்டில் வாக்கர் பிடித்து நடக்கிறேன். விரலுக்குத் தெம்பு வந்துவிட்டது, சட்டைப் பட்டன் போடுகிறேன். குரல் மட்டும் பழையபடி வரவில்லை. கம்மிப்போய், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவில் நிற்கிறது. நேற்று எண்ணிப் பார்த்தேன், ஒரே மூச்சில் முப்பத்திரண்டு. சத்தமில்லாத முப்பத்திரண்டு. ஷமீம் ஆபா வந்து, "விடிஞ்சும் எங்க வீட்டுக்காரர் தூங்குறாரு. உன் சத்தம் எப்ப வரும்?" என்று கேட்டார். வராது போலிருக்கிறது ஆபா என்றேன். அழுதுவிட்டார்.

நான் அழவில்லை. ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறேன். ஒரே ஒரு மாற்றம். முன்பு சமையலறை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். இப்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இவருக்கு எதிரே, லைட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்து ஜெபிக்கிறேன். அவர் உதட்டைப் படிக்க வேண்டுமே.

இன்றைக்குக் காலையில் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, கடைசியாக ஒன்று சேர்த்தேன். என் அம்மா கேட்டது, அவள் அம்மாவும் கேட்டிருப்பாள். "ஆண்டவரே, எடுக்கிற காலம் வந்தா, இவருக்கு முன்னால என்னை எடுத்துக்கும்."

உதட்டை மூடினேன்.

அவர் டீ டம்ளரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. நானும் விடவில்லை. அவரும் விடவில்லை. டீ ஆறிப்போனது.

கடைசியில் நான்தான் மாற்றினேன். "சரி. அடுத்த மாசம் நான் வேலைக்குப் போவணும். கம்பெனி மாடிப்படி, அந்த மூணாவது படி, யாரும் பிடிக்காம நானே ஏறணும்."

"ஆமென்!" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஷமீம் ஆபாவின் வீட்டுக்காரர் இருமிக்கொண்டே எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.